அரசர் திறந்த மடை

தாது வருடம், சித்திரை 9

தாது வருடம் பிறந்து ஒன்பது நாள் ஆகிறது. அறுபது வருடத்துக்கு முந்திய தாதுவில்தான் பெரும் பஞ்சம் வந்தது என்று செம்மலைப்பேரி முழுக்க இதே பேச்சு. எனக்கு அதைவிடக் கடைவாய்ப்பல் வலிதான் பெரிதாக இருக்கிறது. கிராம்பை அடக்கிக்கொண்டு படுத்திருந்தபோது அரண்மனையிலிருந்து ஆள் வந்தான். வீங்கிய கன்னத்தோடு போய் நின்றேன்.

எங்கள் ஜமீன்தார் ராஜா காளிங்கராஜப் பாண்டியர் ஊஞ்சலில் இருந்தார். பக்கத்தில் மேனேஜர் அழகியநம்பி. பட்டணத்தில் பி.ஏ. படித்தவர். ஜமீனில் இப்போது அவர் வைத்ததுதான் சட்டம்.

"வாரும் புன்னைவனக் கவிராயரே. வாயில என்ன, கொழுக்கட்டையா?" என்றார் ராஜா.

"பல்வலி மகாராஜா."

"வாய் எப்படி இருந்தாலும் கை நல்லா இருக்குல்லா? வார மாசியில சட்டசபைத் தேர்தல். நான் நிக்கப் போறேன்."

மேனேஜர் விளக்கினார். வைகாசியில் மகாராஜா பிறந்தநாள் வருகிறது. அதற்குள் ஒரு புகழ்மாலை தயாராக வேண்டும். நெல்லையில் அச்சடித்து ஊர் ஊராக இலவசமாகக் கொடுப்பார்களாம். "பழைய காலத்துல ராஜாவப் பாடுனா ராஜா கேட்டாப் போதும். இப்போ ஓட்டுப் போடுறவன் கேக்கணும். கர்ணன், பாரி, எல்லாத்தையும் போடும். எதையும் விட்டுராதேயும்."

இருபது வருடத்தில் ராஜாவின் மேல் ஓர் அந்தாதி, மூன்று பதிகம், ஓர் உலா பாடியிருக்கிறேன். ராஜாவுக்கு மீசை முளைத்துப் பதினைந்து வருடம் கழித்து ஒரு பிள்ளைத்தமிழும் பாடினேன். அவற்றைக் கேட்டவர்கள் ராஜாவும் நானும்தான். இந்த முறை ஆயிரக்கணக்கானவர்கள் கேட்பார்கள். வீட்டுக்கு வரும் வழியில் பல்வலி தெரியவே இல்லை.

சித்திரை 11

செய்தியை உலகம்மாளிடம் சொன்னேன். என் மனைவி சந்தோஷப்படுவாள் என்று நினைத்தது என் பிழை. முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, "கொன்றைக்குளத்துல யாரு பாடுவா இத?" என்று மட்டும் கேட்டாள்.

கொன்றைக்குளம் அவள் பிறந்த ஊர். ஆற்று அணையிலிருந்து பிரியும் கீழக்கால் என்ற வாய்க்கால் அந்த ஊருக்கும், அதை அடுத்த மூன்று ஊர்களுக்கும் பாய்கிறது. பாய்ந்தது என்று எழுத வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் ராஜா மலையடியில் பங்களா கட்டினார். அதற்குச் சம்பளமில்லாமல் மண் சுமக்க வரச் சொன்னபோது அந்த நாலு ஊர்க்காரர்களும் மாட்டோம் என்றார்கள். அந்த ஆடியிலிருந்து கீழக்கால் மடை திறக்கப்படவில்லை. தண்ணீர் முழுவதும் பங்களாத் தோப்புக்குப் போகிறது.

உலகம்மாளின் தம்பி அணஞ்சபெருமாள் அதிலிருந்து என் வீட்டுப் படி மிதிப்பதில்லை. மடையை மூடியவரைப் பாடுகிற வீட்டில் கை நனைக்க மாட்டானாம். அவளும் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை.

"அணஞ்சி ஆடியோட நிலத்தை விட்டுட்டு, பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு மலையேறுதானாம். தேயிலைத் தோட்டத்துக் கங்காணி வந்து பேரு எழுதிட்டுப் போயிருக்கான்" என்றாள்.

நான் என்ன செய்ய முடியும்? நான் கவிராயன். மதகுக்காரன் அல்ல. அதைத்தான் அவளிடமும் சொன்னேன். அவள் அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தாள்.

சித்திரை 14

பல்லைப் பிடுங்கியாயிற்று. நாள் முழுக்கக் கஞ்சி.

சித்திரை 20

கும்மி மெட்டில் பாடுவதென்று முடிவு செய்தேன். மேனேஜருக்கு ஆசிரியப்பாவில் ஆசை. ஆசிரியப்பாவைக் களை எடுக்கிற பெண் பாடுவாளா என்று கேட்டேன். சரி என்றுவிட்டார்.

அரசனைப் பாடினால் தசாங்கம் பாட வேண்டும். மலை, ஆறு, நாடு, ஊர், மாலை, குதிரை, யானை, முரசு, கொடி, ஆணை என்று அவனுக்குரிய பத்தையும் பாடுவது நம் மரபு. மலை சுலபமாக வந்தது. யானை செத்து ஆறு வருடம் ஆகிறது. அதன் கொட்டிலில் இப்போது மோட்டார் நிற்கிறது. ஆனாலும் யானையைப் பாடினேன். குதிரைக்கு ஒரு கண் தெரியாது. அதையும் பாய்ந்து வரும் பரி என்று பாடினேன். முரசு கிழிந்திருக்கிறது. பாட்டில் அது இடிபோல முழங்குகிறது. இருபது வருடப் பழக்கம், கை தானாக ஓடுகிறது.

ஆற்றுப்பாட்டுதான் வரவில்லை.

சித்திரை 22

ஆற்றுப்பாட்டு முடிந்தது. இலக்கணம்தான் எழுதியது, நான் வெறுமனே எழுத்தாணி. 'ஆடி' என்று தொடங்கினேன். ஆற்றுக்கு ஆடிப்பெருக்கு பொருத்தம்தானே. ஆடிக்கு எதுகை 'மூடி'. இந்த ஜமீனில் மூடிக் கிடப்பது ஒன்றே ஒன்றுதான். நான் என்ன செய்வேன்?

ஆடிப் பதினெட்டு நாளினிலே - எங்கள்
அரசர் மடைக்குத் தாம்நடந்தார்
மூடிக் கிடந்த கதவுதொட்டார் - புனல்
முத்துச் சொரிந்து குதித்ததடீ!

கீழ வயலுக்கும் நீர்கொடுத்தார் - அந்தக்
கெட்ட வெடிப்பெல்லாம் மூடவைத்தார்
ஏழை எளியவர் கண்துடைத்தார் - எங்கள்
ஏந்தல் காளிங்கரைப் பாடுங்கடீ!

இல்லாத யானையைப் பாடலாம் என்றால் திறக்காத மடையையும் பாடலாம். இரண்டும் ஒரே குற்றம்தான்.

உலகம்மாளுக்குப் பாடிக் காட்டினேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னை வெகு நேரம் பார்த்தாள். "புகை கண்ணுல போயிட்டு" என்று சொல்லிவிட்டு முந்தானையால் துடைத்துக்கொண்டாள். இரவு சாப்பாட்டில் அப்பளம் இருந்தது.

வைகாசி 3

மேனேஜர் அழகியநம்பி கையெழுத்துப் பிரதியைப் பார்த்தார். பார்த்தார் என்றுதான் எழுத முடியும், படித்தார் என்று எழுத முடியாது. மகாராஜா பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று விரல் வைத்துத் தேடினார். மகாராஜாவின் பாட்டனார் பெயர் இல்லை என்றார். சேர்த்துக் கொடுத்தேன்.

"இங்கிலீஷுல மொழிபெயர்த்துக் கலெக்டர் துரைக்கும் ஒண்ணு அனுப்பினா நம்ம ஜமீனுக்குக் கௌரவமாச்சே" என்றேன். என் கவிதையை ஒரு வெள்ளைக்காரர் படிக்க வேண்டும் என்ற அற்ப ஆசைதான். மேனேஜருக்கு யோசனை பிடித்துப் போயிற்று. அவருக்குத் தெரிந்த வக்கீல் குமாஸ்தா ஒருவர் மொழிபெயர்ப்பாராம்.

வைகாசி 12

நெல்லை அச்சகத்தில் பிழை திருத்தினேன். 'அரசர்' என்பதை ஓரிடத்தில் 'அரக்கர்' என்று கோத்திருந்தார்கள். நல்லவேளை, கண்ணில் பட்டது. பிழை என்றாலும் அதைத் திருத்தக் கை சற்றே தயங்கியது.

புத்தகக் கட்டுகளை வண்டியில் ஏற்றினோம். முதல் கட்டைக் கொன்றைக்குளம் பக்கம் இறக்கச் சொன்னேன். வண்டிக்காரனுக்கு அந்த வழி சௌகரியம் என்று எனக்குத் தோன்றியது. "சுத்து வழியில்லா சாமி?" என்றான் அவன். ஒரு பொட்டலம் மூக்குப்பொடி கொடுத்தேன். அதன்பின் அவனும் சௌகரியம் என்று ஒப்புக்கொண்டான்.

வைகாசி 21

இன்று ராஜாவின் பிறந்தநாள். அரண்மனை முன்றிலில் பந்தல், நாதசுரம், சோறு. எல்லா ஊர்களிலிருந்தும் ஆட்களை வரச் சொல்லியிருந்தார்கள். கொன்றைக்குளத்துக்காரர்கள் வரமாட்டார்கள் என்று மேனேஜர் நினைத்திருந்தார். வந்தார்கள். ஆணும் பெண்ணுமாகக் கடைசியில் நின்றார்கள். அணஞ்சபெருமாளும் நின்றான். என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

மலைப் பாட்டுக்கு மரியாதைக்குக் கை தட்டினார்கள். ஆறு வந்தது. 'ஆடிப் பதினெட்டு நாளினிலே' என்று நான் எடுத்ததும், நான் முடிக்கும் முன்னே கடைசியில் நின்ற பெண்கள் அடுத்த அடியைப் பாடினார்கள். அவர்கள் புத்தகத்தைப் பார்க்கவில்லை. மனப்பாடம். கை தட்டி, சுற்றி வந்து, கும்மியடித்தே பாடினார்கள். பந்தல் ஒரே சத்தமாயிற்று. மற்ற ஊர்க்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

நான் ராஜாவைப் பார்த்தேன். அவருக்கு வாழ்க போட ஆள் உண்டு, கூலியும் உண்டு. இது அந்தச் சத்தம் இல்லை என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். முதலில் சிரித்தார். பிறகு முகம் சுருங்கியது. 'ஏழை எளியவர் கண்துடைத்தார்' என்று பாடியபோது ஒரு கிழவர் நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ராஜா தலையைக் குனிந்துகொண்டார்.

மீதி எட்டு உறுப்புகளையும் பாடினேன். யாரும் கேட்கவில்லை. ஒரு கவிஞனுக்கு இது வருத்தமாக இருக்க வேண்டும். எனக்கு ஏனோ இல்லை.

வைகாசி 22

பொழுது விடிந்ததும் மேனேஜர் வீட்டுக்கே வந்துவிட்டார். உட்காரவில்லை.

"என்ன காரியம் பண்ணியிருக்கீரு? தொறக்காத மடையத் தொறந்ததா எழுதியிருக்கீரே!"

"செத்துப் போன யானையும் இருக்கே, அதை விட்டுட்டீகளே" என்றேன்.

"யானைய யாரும் வந்து கேக்கமாட்டான் ஓய்! இன்னிக்குக் காலையிலயே கொன்றைக்குளத்தான் நாலு பேரு ஜமீன் கச்சேரி ஆபீசுல வந்து நிக்கான். ஆடிப் பதினெட்டுக்கு எத்தன மணிக்கு வரணும்னு கேக்கான்!"

"எதுகைக்காக விழுந்த சொல்லு. மூடிக்கு ஆடிதான்..."

"இந்த வீடு அரண்மனை வீடு. ஞாபகம் இருக்கட்டும். அந்த மடை தொறக்காது. ஆடி பத்தொன்பதுக்கு நீரு இங்க இருக்கமாட்டீரு."

அவர் போன பின் உலகம்மாள் பரணிலிருந்து பித்தளைப் பாத்திரங்களை இறக்கி ஒவ்வொன்றாகச் சாக்கில் கட்டத் தொடங்கினாள். பயந்துவிட்டாயா என்று கேட்டேன். "கட்டி வச்சா எடுத்துட்டுப் போறது லேசு" என்றாள். இரண்டு வருடத்தில் முதல் முறையாக வேலை செய்யும்போது அவள் முணுமுணுத்துப் பாடுவது கேட்டது.

வைகாசி 29

புத்தகங்களைத் திரும்ப வாங்கிவரச் சொல்லி மேனேஜர் காவலாட்களை அனுப்பினார். பெரும்பாலும் வாங்கிவந்துவிட்டார்கள். கட்டுகளைச் சுமந்துகொண்டு அரண்மனை வாசலில் நுழைந்தபோது காவலாட்களே அந்தக் கும்மியைப் பாடிக்கொண்டு வந்தார்களாம். மேனேஜர் அவர்களை வெயிலில் நிற்க வைத்தார். வெயிலில் நின்றுகொண்டும் ஒருவன் முனகினானாம்.

பசு கன்று போட்டது. கிடாரி.

ஆனி 6

ராஜா கூப்பிட்டனுப்பினார். தனியாக இருந்தார். உட்காரச் சொன்னார். இருபது வருடத்தில் இல்லாத வழக்கம்.

"கவிராயரே, நான் எப்ப வே மடையத் தொறந்தேன்?"

"இன்னும் தொறக்கல மகாராஜா. ஆடி பதினெட்டுதான் இன்னும் வரலியே."

என் வாயிலிருந்து வந்ததுதான். எப்படி வந்தது என்று இப்போதும் தெரியவில்லை. ராஜா ஊஞ்சலை நிறுத்தினார்.

"எங்க அப்பா காலத்துல ஒம்ம அப்பா ஒரு தடவையாவது இப்படிப் பாடியிருப்பாரா?"

"இல்ல மகாராஜா."

"ஏன்?"

"அவுக காலத்துல மடை திறந்தே கிடந்துது."

சுவரில் ராஜாவின் தகப்பனார் படம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வெளிய போம்" என்றார். கோபமா என்று கண்டுபிடிக்க முடியாத குரல். வாசல் வரைக்கும் நடந்தேன், அதற்குமேல் ஓடினேன்.

ஆனி 7

சாக்கு மூட்டைகள் கட்டியபடியே கிடக்கின்றன. தண்ணீர் குடிக்க ஒரு செம்பு மட்டும் வெளியே.

ஆனி 26

அரண்மனையில் பெரிய கலவரம். கலெக்டர் துரை கடிதம் எழுதியிருக்கிறார். மொழிபெயர்ப்பை வாசித்தாராம். பஞ்சம் வருமோ என்று ஜில்லாவே பயப்படும் வருடத்தில் ராஜா நாலு ஊருக்கு நீர் வழங்கத் தீர்மானித்ததைப் பாராட்டுகிறாராம். விழாவைப் பார்க்க ஆடிப் பதினெட்டு அன்று நேரில் வருகிறாராம்.

வக்கீல் குமாஸ்தா 'நீர்கொடுத்தார்' என்பதை 'நீர்கொடுப்பார்' என்று மொழிபெயர்த்துவிட்டாராம். மேனேஜர் தலையில் அடித்துக்கொள்கிறார். அந்தக் குமாஸ்தாவை நான் பார்த்ததில்லை. பார்த்தால் ஒரு பா பாட வேண்டும்.

ஆனாலும் ராஜா இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. துரைக்கு விருந்து வைத்து, வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போய், மடைப் பக்கமே விடாமல் அனுப்பிவிடலாம் என்று மேனேஜர் சொல்லிக்கொண்டிருக்கிறார். அணஞ்சபெருமாள் வீட்டு மாடுகளை விற்றுவிட்டான் என்று உலகம்மாளுக்குச் சேதி வந்தது.

ஆடி 17

மேனேஜர் மடைக் கதவில் புதுச் சங்கிலியும் பூட்டும் போட்டிருக்கிறார். போலீசும் கேட்டிருக்கிறார். நாளைக்கு நான் எங்கே நிற்பது? வயிறு சரியில்லை என்று வீட்டிலேயே இருந்துவிடலாம்.

ஆடி 18

விடியற்காலையில் உலகம்மாள் தலைக்குக் குளித்து, புதுப்புடவை உடுத்தி, வாசலில் நின்றாள். "நீங்க வந்தாலும் சரி, வராட்டாலும் சரி" என்றாள். நான் அவள் பின்னால் போனேன்.

ஆற்றங்கரையில் நாலு ஊரும் இருந்தது. பெண்கள் தலையில் முளைப்பாரி. ஆண்கள் குளித்து, நெற்றியில் திருநீறு பூசி வந்திருந்தார்கள். ஒருவர் கையிலும் கம்பு இல்லை. கோஷம் இல்லை. கும்மி மட்டும்தான்.

ஏட்டையா மேனேஜரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. "கலகம்னீகளே சார், இவங்க என்ன பாடுறாங்க?"

"மகாராஜாவப் பத்தி..."

"திட்டிப் பாடுறாங்களா?"

"புகழ்ந்துதான்."

"மகாராஜாவப் புகழுறதுக்கு நான் எந்த செக்‌ஷன்ல கேஸ் போட?" ஏட்டையா தொப்பியைக் கழற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு புளியமர நிழலில் போய் உட்கார்ந்தார்.

கலெக்டர் துரை வேட்டைக்குப் போகவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து கும்மியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் ராஜாவின் மோட்டார் வந்தது. கரை அடியில் நின்றது. ராஜா சரிகைக் கோட்டும் தலைப்பாகையுமாக உள்ளேயே இருந்தார். மேனேஜர் ஓடிப்போய்ச் சன்னலருகே குனிந்து ஏதோ சொன்னார். மோட்டார் திரும்பப் போகிறது என்றே நினைத்தேன்.

பெண்கள் 'ஆடிப் பதினெட்டு நாளினிலே' என்று எடுத்தார்கள். 'எங்கள் அரசர் மடைக்குத் தாம்நடந்தார்' என்று பாடினார்கள். அடுத்த அடிக்குப் போகவில்லை. அந்த அடியையே திரும்பப் பாடினார்கள். 'அரசர் மடைக்குத் தாம்நடந்தார்.' மறுபடியும். மறுபடியும். ஆண்களும் சேர்ந்தார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நான் சத்தியமாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. எந்த இலக்கணத்திலும் இப்படி ஓரடியில் நிற்பதற்கு விதி இல்லை. உலகம்மாள் என் கையைப் பிடித்திருந்தாள். அவளும் பாடினாள். என் வாயும் பாடிக்கொண்டிருந்தது.

மோட்டார் கதவு திறந்தது. ராஜா இறங்கினார். தனியாகக் கரை ஏறி நடந்தார்.

கூட்டம் வழிவிட்டது. அவர் மடைக்கு முன் போய் நின்றதும் பாட்டு ஓரடி நகர்ந்தது. 'மூடிக் கிடந்த கதவுதொட்டார்.' அங்கே நின்றுகொண்டது. ராஜா பூட்டைப் பார்த்தார். பிறகு திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டினார்.

"நம்பி, சாவி."

மேனேஜர் வேறு வழியில்லாமல் சாவியைக் கொடுத்தார். சங்கிலி கழன்று விழுந்தது. ஆனால் கதவைத் தூக்கும் இரும்புத் திருகு இரண்டு வருடத் துருவில் இறுகிக் கிடந்தது. ராஜா தலைப்பாகையைக் கழற்றினார். கோட்டைக் கழற்றினார். வெற்று உடம்போடு திருகின் கைப்பிடியைப் பிடித்து அழுத்தினார். அசையவில்லை. வேர்வை முதுகில் ஓடியது. கும்மி நின்றுவிட்டது.

அப்போது கூட்டத்திலிருந்து அணஞ்சபெருமாள் போனான். எதிர்க் கைப்பிடியைப் பிடித்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"எதிர்ப்பக்கமா அழுத்தும் ராசா" என்றான் என் மைத்துனன். "நீரு அடைக்கிற பக்கம் திருகுதீரு."

ராஜா கையை மாற்றிப் பிடித்தார். திருகு கிறீச்சென்றது. கதவு ஒரு சாண் ஏறியது. அடியிலிருந்து சேறும் சருகுமாகக் கறுப்பாக ஏதோ வந்தது. பிறகு தண்ணீர். இரண்டு வருடத் தண்ணீர் அத்தனையும் ஒரே நேரத்தில் வந்ததுபோல் இருந்தது. கீழக்காலுக்குள் குதித்து, வெடித்த மண்ணை உறிஞ்சுகிற சத்தத்தோடு ஓடியது. பெண்கள் குலவையிட்டுக்கொண்டு முளைப்பாரியோடு கரையிலே கூடவே ஓடினார்கள். கிழவர்கள் வேட்டியோடு வாய்க்காலுக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டார்கள். கலெக்டர் துரை எழுந்து நின்று கை தட்டினார். ஏட்டையாவும் தட்டினார்.

'முத்துச் சொரிந்து' என்று எழுதியிருந்தேன். முத்தும் இல்லை ஒன்றும் இல்லை, கலங்கல் தண்ணீர். நான் அழுதேன் என்று உலகம்மாள் சொல்கிறாள். திருகுத் துரு கண்ணில் பட்டிருக்கும்.

அணஞ்சபெருமாள் நனைந்த கையோடு என்னிடம் வந்தான். இரண்டு வருடம் கழித்து, "அத்தான்" என்றான். "மத்தியானம் சாப்பாடு கொன்றைக்குளத்துல, நம்ம வீட்டுல."

ஆடி 19

வீட்டைக் காலி செய்யச் சொல்லி யாரும் வரவில்லை. உலகம்மாள் சாக்குகளை அவிழ்த்துவிட்டாள்.

ஆவணி 14

கொன்றைக்குளத்துக்குப் போனோம். நடவு நடக்கிறது. வரப்பில் நின்று கேட்டேன். என் பாட்டுத்தான், ஆனால் என் பாட்டு இல்லை.

ஆடிப் பதினெட்டு நாளினிலே - எங்க
ஆளுக எல்லாரும் போனோமடீ
மூடிக் கெடந்த மடைதொறந்தோம் - இந்த
முண்டைக் கழனியும் பூத்ததடீ!

ராஜாவைக் காணோம். காளிங்கரைக் காணோம். மோனை இருக்கிறது, எதுகை இருக்கிறது. 'முண்டைக் கழனி' என்று எனக்குத் தோன்றவே தோன்றாது. "யாரம்மா மாத்துனது?" என்று கேட்டேன். "யாரும் மாத்தல சாமி, இப்படித்தான் பாடுதோம்" என்றார்கள். வீட்டுக்கு வரும்வரை அதையே பாடிக்கொண்டு வந்தேன்.

மாசி 13

தேர்தல் முடிவு. ராஜா தோற்றுவிட்டார். நல்ல வித்தியாசத்தில்.

ஆளுக்கொரு நிறத்தில் ஓட்டுப் பெட்டி வைத்திருந்தார்கள். எதிர்த்து நின்ற வக்கீலின் மஞ்சள் பெட்டியில்தான் நாலு ஊரும் சீட்டுப் போட்டிருக்கிறது. அணஞ்சபெருமாளிடம் கேட்டேன். "தண்ணிக்குப் பாடுனோம் அத்தான். ஓட்டுக்குப் பாடலையே" என்றான். சிரிக்கவில்லை. அவனுக்கு அது வேடிக்கை இல்லை.

மாசி 15

நினைத்தது நடந்தது. மேனேஜர் கீழக்கால் மடையை அடைக்கச் சொல்லி உத்தரவு எழுதிவிட்டார். நன்றி கெட்டவர்களுக்குப் பாடமாம். அடுத்த போகமான பிசானப் பயிர் இப்போதுதான் பால் பிடிக்கிறது. இப்போது தண்ணீர் நின்றால் எல்லாம் பதர்தான். ராஜா கையெழுத்துப் போட வேண்டியது ஒன்றே பாக்கி.

மாசி 16

அரண்மனைக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் போனது இதுவே முதல்முறை.

ராஜா ஒடுங்கிப் போயிருந்தார். மேசையில் உத்தரவு இருந்தது. மேனேஜர் பேனாவோடு நின்றார்.

"என்ன கவிராயரே, இரங்கற்பாவா?"

"பாட்டு இல்ல மகாராஜா. வசனம். மடைய மூடாதீக."

அவ்வளவுதான் சொன்னேன். மேலே ஏதாவது சேர்க்கலாம் என்று பார்த்தேன். உவமை ஒன்றும் வரவில்லை.

"எதுகை ஒண்ணும் இல்லையா?" என்றார் ராஜா.

"இல்ல. அன்னைக்கும் எதுகைக்காக எழுதல."

மேனேஜர் கோபத்தில் ஏதோ சொல்ல வந்தார். ராஜா கையை உயர்த்தினார். "நான் செஞ்சதுக்கு அவனுக ஒரு ஓட்டுக்கூடப் போடலியே வே?"

"போடல மகாராஜா."

"பாட்டுல என் பேரையும் எடுத்துட்டானுகளாம்."

அது அவருக்குத் தெரியும் என்று நான் நினைக்கவில்லை. "எடுத்துட்டாக" என்றேன்.

அவர் தம் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். திருகைப் பிடித்த காய்ப்பு இன்னும் இருக்கிறதா என்று பார்த்தாரோ என்னவோ. "இருபது வருசமா நீரு எவ்வளவோ எழுதியிருக்கீரு. யானை, குதிரை, கர்ணன். எல்லாம் பொய். ஒண்ணே ஒண்ணுதான் நெசமாச்சு. அதையும் நானே பொய்யாக்கணுமா?"

பேனா மேனேஜர் கையில்தான் இருந்தது. ராஜா உத்தரவை எடுத்து இரண்டாகக் கிழித்தார். கிழித்துவிட்டு, "நம்பி, அந்தப் பூட்டையும் தூக்கி ஆத்துல போடச் சொல்லும்" என்றார்.

பங்குனி 9

கொன்றைக்குளத்தில் அறுப்பு. தாது வருடம் முடியப் போகிறது. பஞ்சம் வரவில்லை. களத்தில் சூடடித்து நெல் குவிந்து கிடந்தது. வேலை செய்தவர்களுக்கெல்லாம் வேப்பமர நிழலில் இலை போட்டிருந்தார்கள். நானும் உட்கார்ந்தேன்.

அப்போது சாலையில் ராஜா வருவது தெரிந்தது. மோட்டார் இல்லை, ஆள் அம்பு இல்லை. ஒரு குடையோடு நடந்து வந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கை நின்றது. ஒருவரும் வாழ்க என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் களத்து ஓரத்தில் நின்று நெல் குவியலைப் பார்த்தார். அதற்குமேல் வருவதா போவதா என்று தெரியாமல் நின்றார்.

அணஞ்சபெருமாள் பந்தியில் இடம் தள்ளி, என் பக்கத்தில் ஓர் இலையை விரித்துத் தண்ணீர் தெளித்தான்.

"வாங்க ராசா, உக்காருங்க. புது அரிசிச் சோறு."

ராஜா குடையை மடக்கி மரத்தில் சாய்த்தார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். உலகம்மாள்தான் பரிமாறினாள். எல்லாருக்கும் வைத்த அளவுதான் அவருக்கும் வைத்தாள். அவர் சாப்பிட்டார். இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார்.